எரிக்கவா, புதைக்கவா, வண்டியில் ஏற்றவா? கும்பகோணத்தில் ஒரு 30 படுக்கை ஆஸ்பத்திரியின் கழிவுக் கணக்கு

அக்கா மகனும் அவன் மனைவியும் டாக்டர்கள். கும்பகோணத்தில் அரசலாற்றுக்குத் தெற்கே 30 படுக்கை ஆஸ்பத்திரி ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சுவர் ஜன்னல் மட்டம் தாண்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரைபடச் சுருளும் மூன்று கொட்டேஷனுமாக வீட்டுக்கு வந்து நின்றான். "சித்தி, கழிவுக்கு எந்த மெஷின் வாங்கறதுன்னு நீங்களே சொல்லிடுங்க. இதுலயே கிடந்தவங்க நீங்கதான்" என்றான்.

கிடந்தவள்தான். தஞ்சாவூர், மன்னார்குடி, கும்பகோணம் என்று மூன்று ஊரில் நர்ஸாக வேலை பார்த்து, கடைசிப் பன்னிரண்டு வருடம் தொற்றுத் தடுப்புப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றேன். ஏதோ பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். வார்டு வார்டாகப் போய்க் குப்பை டப்பாவின் மூடியைத் திறந்து பார்ப்பதுதான் அதில் பாதி வேலை.

அவன் கொண்டுவந்த தாள்களில் ஒன்று, டீசலில் ஓடும் சின்ன எரி உலை. இன்னொன்று, நீராவியில் வேகவைத்துக் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவும் துண்டு துண்டாக நறுக்கும் ஷ்ரெட்டரும் சேர்ந்த ஜோடி. மூன்றாவது, ஊசியை மின்சாரத்தில் எரிக்கும் பெட்டி பத்து. போதாததற்கு மேஸ்திரி சொன்ன யோசனை ஒன்றும் கைவசம் இருந்தது: கொல்லைப் பக்கம் இடம் சும்மாதானே கிடக்கிறது, ஒரு குழி வெட்டி மூடிவிட்டால் என்ன? இவை எதுவும் வேண்டாமென்றால் இருக்கவே இருக்கிறது, பல ஆஸ்பத்திரிக் கழிவையும் ஒரே இடத்தில் வாங்கிச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டிக்கு மாதாமாதம் பணம் கட்டுவது.

மேஸ்திரியிலிருந்தே ஆரம்பித்தேன். அவர் சொன்னதுதான் மலிவு. மலிவான யோசனையை முதலிலேயே காரணம் சொல்லி மறுக்காவிட்டால் கொல்லை வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும்.

உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 ஆழப் புதைப்பை அனுமதிக்கிறது. ஆனால் பொது நிலையத்தின் வசதி எட்டாத கிராமங்களுக்கும் ஒதுக்குப்புற இடங்களுக்கும் மட்டும். அதுவும் முன் அனுமதியோடு. மாநகராட்சிக்குள் பேச்சுக்கே இடமில்லை. எனக்கு அதைவிட சுவாரஸ்யம் அதில் கொடுத்திருக்கும் அளவு. குழி 2 மீட்டர் ஆழம். பாதி வரை கழிவு, மேலே சுண்ணாம்பு, அதற்கு மேல் மண். குழியின் அடியிலிருந்து கணக்குப் பண்ணினால் நிலத்தடி நீர் இன்னும் 6 மீட்டராவது கீழே இருக்க வேண்டும். இரண்டும் ஆறும் எட்டு. அதாவது 26 அடி வரை தண்ணீர் தட்டக் கூடாது. வெள்ளம் வரும் இடமாகவும் இருக்கக் கூடாது.

டெல்டாக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். எங்கள் ஊரில் ஐப்பசி அடைமழையில் தென்னம்பிள்ளைக்குக் குழி வெட்டினால் முழங்கால் ஆழத்திலேயே ஊறி நிற்கும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் கொல்லைக் கிணறு தானாக ஏறும். அப்படிப்பட்ட மண்ணில் குழி வெட்டிப் போடுவதெல்லாம் தண்ணீருக்குள் போடுவதுதான். நாற்பது அடி தள்ளிப் பக்கத்து வீட்டுக் கைப்பம்பு இருக்கும். மேஸ்திரிக்கு நிலத்தடி நீர் தெரியாதா என்ன, அவர் தோண்டாத அஸ்திவாரமா? கேட்டால் "அது சரிங்க, எல்லாரும் அப்படித்தானே பண்ணாங்க" என்பார். பண்ணினோம்தான். வீட்டில் பிரசவம் நடந்த காலத்தில் நஞ்சுக்கொடியைக் கொல்லையில் புதைத்த குடும்பம்தான் எங்களுடையதும். ஒரு வீட்டில் இரண்டு வருடத்துக்கு ஒன்று புதைப்பது வேறு, ஒரு ஆஸ்பத்திரி வாரத்துக்குப் பத்து புதைப்பது வேறு.

எரி உலைக்கு அவ்வளவு நேரம் செலவழிக்கவில்லை. அதற்கு இரண்டு அறை வேண்டும். முதல் அறையில் 800 டிகிரி, இரண்டாவதில் 1050 டிகிரி செல்சியஸ், புகை இரண்டாவது அறையில் 2 விநாடியாவது தங்க வேண்டும், புகைபோக்கி 30 மீட்டர் உயரம். சூடு குறைந்தால் பிளாஸ்டிக்கிலிருந்து டயாக்சின் என்ற நச்சு கிளம்பும். அதற்கு வைத்திருக்கும் வரம்பு ஒரு கன மீட்டர் புகையில் 0.1 நானோகிராம். எரிக்க வேண்டிய கழிவுக்கு மஞ்சள் பை; ஒரு நாளைக்கு அதில் ஒன்றிரண்டே சேரும் இடத்தில் உலையை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவர எரிக்கும் டீசலே கழிவைவிடக் கூடுதலாக இருக்கும். கும்பகோணத்துக் கோபுரங்களுக்கு நடுவே முப்பது படுக்கைக்கு ஒரு புகைபோக்கி நிற்பதை நினைத்துப் பார் என்றேன். அவன் மனைவி சிரித்துவிட்டாள். அந்தத் தாள் மடிந்துவிட்டது.

ஆட்டோகிளேவும் ஷ்ரெட்டரும் அப்படிச் சிரித்துத் தள்ளக்கூடிய யோசனை இல்லை. மஞ்சள் பையில் போகும் சதைத் துணுக்கு, ரத்தம் தோய்ந்த பஞ்சு, காலாவதி மருந்து தவிர மற்றது முக்கால்வாசியும் எரிக்க வேண்டியதே இல்லை. டிரிப் செட், கதீட்டர், யூரின் பை, கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு எல்லாம் சிவப்புப் பை. நீராவியில் வேகவைத்துத் துண்டு துண்டாக நறுக்கினால் அது வெறும் பிளாஸ்டிக். புகை கிடையாது. டீசல் கிடையாது. மெஷின் விற்க வந்தவர், நறுக்கிய பிளாஸ்டிக்கை விற்றே இரண்டு வருடத்தில் போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்றாராம்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 75 கிலோமீட்டருக்குள் பொது நிலையத்தின் சேவை கிடைக்கிறது என்றால், ஆஸ்பத்திரி தனக்கென்று சுத்திகரிப்பு வசதி வைத்துக்கொள்ளக் கூடாது. எரி உலைக்கும் இதே தடைதான், ஆட்டோகிளேவ்-ஷ்ரெட்டருக்கும் இதே தடைதான். எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே செங்கிப்பட்டிப் பக்கம் நிலையம் இருக்கிறது. கும்பகோணம் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. கொட்டேஷன் கொடுத்தவருக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியும். விற்பது அவர் வேலை, அனுமதி வாங்குவது உன் வேலை.

விதியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் நான் வாங்கச் சொல்லியிருக்க மாட்டேன். கழிவுக்கு வைக்கும் ஆட்டோகிளேவ் அதற்கென்றே தனியாக இருக்க வேண்டும். அறுவைக் கருவிகளை வேகவைப்பதில் இதைப் போடக் கூடாது. சாதாரண வகை என்றால் 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில் 60 நிமிடம்; உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு வேலை செய்யும் வகைக்கு 45 நிமிடம். ஒவ்வொரு தடவையும் சூட்டின் பதிவு வேண்டும். சூட்டுக்கு அசராத ஒரு பாக்டீரியாவின் வித்து அடங்கிய குப்பியை உள்ளே வைத்து, அது செத்ததா என்று வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும். இதையெல்லாம் பண்ண ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் லீவு போட்டால் இன்னொரு ஆள். முப்பது படுக்கையில் அந்த ஆளை லிப்ட் ஓட்டவும் கூப்பிடுவார்கள், டீ வாங்கிவரவும் கூப்பிடுவார்கள். மூன்றாவது மாதம் பதிவேடு மாத்திரம் தினமும் 121 டிகிரி காட்டும்.

காசு ஆசை அதைவிட மோசம். பிளாஸ்டிக்கில் வரும்படி இருக்கிறது என்று ஒரு ஆஸ்பத்திரி நினைக்க ஆரம்பித்தால், ஷ்ரெட்டர் ரிப்பேரான அன்றைக்கு மூட்டை நறுக்காமலே காயலான் கடைக்குப் போகும். 2009-ல் குஜராத்தின் மொடாசாவில் மஞ்சள் காமாலை பி பரவி உயிர்கள் போனதற்கு, ஒரு தடவை போட்ட சிரிஞ்சைத் திரும்பப் போட்டதுதான் காரணம். அப்போதுதான் பழைய சிரிஞ்சுகள் கிடங்கு கிடங்காகக் கைமாறிக்கொண்டிருந்ததும் வெளியே தெரிந்தது. பையில் போட்டதை யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி வெட்டிப் போடச் சொல்வது அதனால்தான்.

ஒரே ஒரு ஆட்டோகிளேவ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சொன்னேன்: லேபுக்குச் சின்னது. கிருமி வளர்த்த தட்டு, ரத்த மாதிரி, ரத்தப் பை இவற்றை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியிலேயே கிருமி நீக்கிவிட வேண்டும். பொது நிலையம் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் இது உன் தலையில்தான்.

சரி, வண்டி என்று முடிவாகிவிட்டது. அவன் அத்தோடு எழுந்துவிடப் பார்த்தான். உண்மையான தேர்வே இனிமேல்தான் என்று உட்காரவைத்தேன்.

வண்டிக்காரரோடு ஒப்பந்தம் இரண்டு விதமாகப் போடலாம். படுக்கைக்கு இவ்வளவு என்று ஒன்று, கிலோவுக்கு இவ்வளவு என்று ஒன்று. புதிதாகத் திறக்கும் ஆஸ்பத்திரியில் முதல் வருடம் பாதிப் படுக்கை காலியாகக் கிடக்கும். அதனால் கிலோக் கணக்குதான் லாபம் என்று அவன் நினைத்தான். காகிதத்தில் சரிதான். நான் இரண்டு விதத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். கிலோக் கணக்கு இருந்த இடத்தில் மாதக் கடைசியில் மேனேஜர் வந்து, "சிஸ்டர், மஞ்சள் பை ரொம்ப கனக்குதே" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஆயாவுக்குப் புரியும். மறுநாள் டிரெஸ்ஸிங் பஞ்சு பாதி, மாநகராட்சிக் குப்பைத் தொட்டியில் கிடக்கும். கண்ணால் பார்த்தேன், அங்கே சண்டை போட்டுவிட்டுத்தான் வேறு இடம் மாறினேன்.

படுக்கைக் கணக்கிலும் கோளாறு உண்டு. எவ்வளவு போட்டாலும் ஒரே காசு என்பதால் எல்லாவற்றையும் மஞ்சளில் தள்ளுவார்கள். நோயாளியைப் பார்க்க வந்தவர் சாப்பிட்டுப் போட்ட வாழையிலை, சாம்பார்ப் பொட்டலம், கையுறை வந்த அட்டைப் பெட்டி எல்லாம் எரி உலைக்குப் பயணம் போகும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குப்படி ஆஸ்பத்திரிக் குப்பையில் 85 சதவீதம் சாதாரண வீட்டுக் குப்பை மாதிரிதான். 15 சதவீதம்தான் ஆபத்தானது. அந்தப் பதினைந்தை மீதியோடு கலந்துவிட்டால் நூறும் ஆபத்து. ஆனாலும் இரண்டு கோளாறில் ஒன்றைத்தான் எடுக்க முடியுமென்றால் நான் படுக்கைக் கணக்கைத்தான் எடுப்பேன். வாழையிலை எரி உலைக்குப் போனால் டீசல் வீண். ரத்தப் பஞ்சு தெருத் தொட்டிக்குப் போனால் அதைக் கிளறுவது ஒரு துப்புரவுப் பணியாளரின் கை. மாடும் நாயும் வேறு.

ஒப்பந்தத்தில் அதைவிட நான் அழுத்திச் சொன்னது வண்டி வரும் நாள். தினமும் வருகிறதா, ஒருநாள் விட்டு ஒருநாளா? மஞ்சள் பையில் போகும் சதையையும் ரத்தப் பஞ்சையும் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் ஒரு நடை தப்பினாலே கெடு தாண்டிவிடும். கார்த்திகை மழையில் நடை தப்பத்தான் செய்யும்.

2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலை கஜா புயல் அடித்தபோது நான் மன்னார்குடியில் இருந்தேன். அங்கே ஒருநாள் விட்டு ஒருநாள் ஒப்பந்தம். புயலுக்கு முந்தின நாள் வண்டி வர வேண்டிய முறை, வரவில்லை. விடிந்தால் ரோடு முழுக்கத் தென்னையும் கரண்டுக் கம்பமும். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு மட்டும் ஓடு விழுந்து மண்டை உடைந்தவர்கள், கால் கிழிந்தவர்கள் என்று வாசல் வரை கூட்டம். தையல் போடப் போட மஞ்சள் பை நிறைந்துகொண்டே இருந்தது. ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கும் தடுப்பூசி வைத்திருந்த பெட்டிக்குமே போதவில்லை. கழிவு அறை கட்டடத்தின் பின்னால், தரை மட்டத்தைவிட ஒரு படி தாழ்வு. மழைத் தண்ணீர் கணுக்காலுக்கு நின்றது. பைகள் மிதந்ததைப் பார்த்தேன். நாங்கள் இரண்டு நர்ஸும் ஒரு ஆயாவும் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, இரட்டைப் பை போட்டு, மாடிப்படி வளைவில் ஒரு மேசைக்கு மேல் அடுக்கினோம். தாமதம் ஏன் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. போன் கோபுரமே சாய்ந்து கிடந்தது. ஆள் அனுப்பித்தான் சொன்னோம்.

அதிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம். எந்த ஆஸ்பத்திரியின் வரைபடத்தைக் காட்டினாலும் முதலில் கழிவு அறையைத்தான் தேடுவேன். அக்கா மகன் வரைபடத்திலும் அது கடைசி மூலையில், ஜெனரேட்டருக்குப் பின்னால், சாய்தளத்துக்கு அடியில் இருந்தது. தாழ்வு, இருட்டு, வண்டி போய்த் திரும்ப இடமில்லை. எரி உலைக்குக் கேட்ட காசில் பத்தில் ஒரு பங்கை எடுத்து இந்த அறைக்குப் போடு என்றேன். தெருவைவிட இரண்டரை அடி உயரத் தரை, எலி நுழையாத கம்பி வலை, பூட்டு, கழுவிவிட டைல்ஸ், நஞ்சுக்கொடிக்கும் வெட்டி எடுத்த காலுக்கும் ஒரு சின்ன டீப் ப்ரீசர். எடுத்த காலைக் குடும்பத்தார் கேட்டு வருவதும் உண்டு, அந்த நேரம் பதில் சொல்லிக்கொண்டு நிற்பதற்கும் ஒரு கௌரவமான இடம் வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஊசி. இதில்தான் அவனுக்கும் எனக்கும் வாக்குவாதம். மின்சார எரிபெட்டியைத் தூக்கிப் பிடித்தான்: "ஊசியே இருக்காது சித்தி, சாம்பலாயிடும்." நுனி உருகும், உண்மைதான். அடிக்கட்டை மிச்சம் நிற்கும். கருகல் நாற்றம் வார்டில் சுற்றும். கரண்டு போனால் பெட்டி சும்மா. ஊசிகள் தட்டில் குவியும், குவிந்த ஊசிதான் குத்தும். கையால் அழுத்தும் கட்டர் ஊசியை அடிக்கட்டையோடு சேர்த்து வெட்டி நேராக ஊசிக்கான வெள்ளை டப்பாவுக்குள் தள்ளுகிறது. சிரிஞ்சையும் மறுபடி யாரும் போட முடியாது. விலையும் கொஞ்சம். கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது?

நோய் உள்ளவருக்குப் போட்ட ஊசியைக் குத்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நர்ஸுகள் மனப்பாடமாக ஒரு கணக்கு வைத்திருப்போம். தடுப்பூசி போடாதவருக்கு மஞ்சள் காமாலை பி 100-க்கு 30 வரை, சி 100-க்கு 3, எச்ஐவி 1000-க்கு 3. என்னிடம் வேலை பார்த்த ஒரு ஆயாவுக்கு மஞ்சள் பையைக் கட்டும்போது உள்ளங்கையில் ஏறியது. மஞ்சள் பையில் ஊசி இருக்கவே கூடாது; யாரோ பஞ்சோடு சுருட்டிப் போட்டிருந்தார்கள். யார் நோயாளி, யார் ஊசி, ஒன்றும் தெரியாது. எச்ஐவிக்கான மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரம்தான் கெடு. அன்றைக்கு ஓடி வாங்கிக் கொடுத்தோம். ஆறு மாதம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நல்லபடியாக முடிந்தது.

அதனால் துப்புரவு வேலையைக் காண்ட்ராக்டுக்கு விடுவதா, சொந்த ஆள் வைப்பதா என்று அவன் கேட்டதற்கு நான் யோசிக்கவே இல்லை. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணை. முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். காண்ட்ராக்டு ஆள் ஆறு மாதம் நிற்பதில்லை. இரண்டாவது ஊசிக்கே வேறு முகம் வந்து நிற்கும். சம்பளம் கொஞ்சம் கூடக் கொடுத்து நாலு பேரைச் சொந்தமாக வைத்துக்கொள்.

டப்பாவை வார்டு வாசலில் நாலு நிறத்தில் வரிசையாக அடுக்குவதா, ஊசி போடும் தள்ளுவண்டியிலேயே வைப்பதா? ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு வாசல் வரிசை அழகாகத் தெரியும். ஆனால் ராத்திரி பன்னிரண்டாவது நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு, கையில் சிரிஞ்சோடு வாசல் வரை நடக்கிற நர்ஸ் யாரும் இல்லை. தட்டில் வைப்பாள், இல்லையென்றால் மூடியைத் திரும்ப மாட்டுவாள், இரண்டிலும் குத்தும். தள்ளுவண்டியில் கட்டரும் வெள்ளை டப்பாவும், கீழ்த்தட்டில் சிவப்பும் மஞ்சளும், ஆம்பூல் என்ற கண்ணாடி மருந்துக் குப்பிக்கு நீல டப்பாவும் இருந்தால் கை நீட்டும் தூரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. பை முக்கால் நிறைந்ததும் கட்டி, பார்கோடு ஒட்டி, எடை பார்த்து அனுப்ப வேண்டியதுதான்.

முப்பது படுக்கை என்பதால் கழிவுக்கென்று ஒரு குழு போட வேண்டும், 29 என்றால் ஒரு ஆளை நியமித்தால் போதும். ஒரு படுக்கையைக் குறைத்துவிடலாமா என்று கேட்டான். குழுவில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து பேசுவதற்கு இவ்வளவு சோம்பலா என்று திட்டினேன்.

வரைபடத்தில் கழிவு அறையைப் பென்சிலால் அடித்து, தெரு கேட்டுக்குப் பக்கத்தில் புறநோயாளிகள் நடக்காத ஓரத்தில் போட்டுக் கொடுத்தேன். அங்கே மருந்துக் கடைக்கு இடம் விட்டிருந்தார்கள். நல்ல வாடகை வரும் முனை. அவன் முகம் சுருங்கியது. அவன் மனைவிதான் பென்சிலை வாங்கிக் கடையை எட்டடி உள்ளே தள்ளினாள். போன வாரம் அந்த அறைக்கு அஸ்திவாரம் எடுத்தார்களாம். நாலடியில் தண்ணீர் ஊறி, மோட்டார் போட்டு இறைத்துவிட்டுத்தான் ஜல்லி கொட்டினார்களாம். மேஸ்திரி குழியைப் பற்றி அப்புறம் பேசவில்லை. எரிபெட்டிக்காரர் மட்டும் இன்னும் போன் பண்ணிக்கொண்டிருக்கிறார்.